அச்சும் முறுக்கும்: பினாங்கின் கிறிஸ்துமஸ் கையுறை

சங்கப் பாடல்களைக் கற்பிக்கும் தமிழாசிரியர் எவரும் ‘கையுறை’ என்னும் சொல்லுக்கு விளக்கம் கூறாமல் மேற்செல்ல இயலாது. இன்று அச்சொல் கையில் மாட்டும் உறையையே குறித்து நிற்கிறது. ஆகவே, தலைவன் தோழியிடம் கையுறை கொண்டு வந்தான் என்றவுடன் வகுப்பில் சிரிப்பு எழுவதும் உண்டு. ஒருவரைக் காணச் செல்பவர் வெறுங்கையராய்ச் செல்லாமல் கையிற் கொண்டு செல்லும் பொருளே பழந்தமிழில் கையுறை. குறிஞ்சித் தலைவன் கொண்டு செல்வன பெரும்பாலும் தழையும் பூவுமே. அத்தழையும் ஒடித்தபடியே நீட்டப்படுவதன்று; உடுத்தற்கு ஏற்பத் தொடுத்துத் தரப்படுவது. அதனைத் தோழி ஏற்பதும் மறுப்பதும் தனித்தனித் துறைகளாகவே வளர்ந்தன. கம்பர் காட்டும் குகனும் இராமனைக் காண வரும்போது தேனையும் மீனையும் உண்ணத் தக்கவாறு பக்குவம் செய்து கொண்டுதான் வருகிறான். கொடுப்பவன் கை அப்பொருளில் பட்டிருக்க வேண்டும் என்பது சொல்லாமலே அமைந்த இலக்கணம் போலும்.

இச்சொல்லின் பழம்பொருளை மாணவர்க்குக் கண்முன் காட்ட விரும்பும் ஆசிரியர், டிசம்பர்த் திங்களின் நடுப்பகுதியில் பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகரில் பழக்கம் விடாத தமிழ்க் கிறிஸ்தவர் வீடொன்றை எட்டிப் பார்த்தால் போதும். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும். தரையில் விரித்த தாளின் மேல் பூப்பூவாய்ப் பலகாரம் ஆறிக்கொண்டிருக்கும். திருநாளுக்குள் அவை டப்பாக்களில் அடைபட்டு, பின்னர்த் தட்டுகளில் அடுக்கப்பட்டு, பின்னல் துணியால் மூடப்பட்டு, அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய்ச் சேரும். சீனர் வீடு, மலாய்க்காரர் வீடு, இந்துத் தமிழர் வீடு என்ற வேற்றுமை அத்தட்டுக்கு இல்லை.

பினாங்கில் கிறிஸ்துமஸ் பழைய திருநாள். 1786ஆம் ஆண்டு ஆகஸ்டில் பிரான்சிஸ் லைட் இத்தீவில் ஆங்கிலக் கொடி ஏற்றிய சில நாள்களுக்குள்ளாகவே, கெடாவிலிருந்து போர்த்துக்கீசியக் கலப்பு மரபினரான கத்தோலிக்கக் குடும்பங்கள் தம் ஆயருடன் இங்கே வந்து இறங்கின. மரியன்னையின் விண்ணேற்புத் திருநாளை ஒட்டி வந்தமையால் அவர்கள் எழுப்பிய கோயிலும் விண்ணேற்பு அன்னையின் பெயரையே பெற்றது. பின்னர்ப் புக்கெட்டிலிருந்து வந்த மற்றொரு கூட்டத்தார் புலாவ் திக்கூஸ் பகுதியில் குடியேறினர். இவர்களை மலாய்மொழி ‘செரானி’ என்று அழைக்கும். நாசரேத்து என்னும் ஊர்ப் பெயரின் வழிவந்த ‘நஸ்ரானி’ என்னும் சொல்லே அவ்வாறு தேய்ந்தது. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவரும் நஸ்ராணிகள் எனப்படுவதை இங்கே நினைவுகூரலாம். தமிழ்க் கத்தோலிக்கருக்கென்று பினாங்கு ரோட்டில் புனித பிரான்சிஸ் சவேரியார் கோயில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்தது. ஆங்கிலேயரின் புனித ஜார்ஜ் கோயில் 1818இல் கட்டப்பெற்றது. இவ்வாறு பல வழியாக வந்தவர்கள் ஒரே திருநாளை ஒரே சிறு நகரில் கொண்டாடியதால், ஒருவர் தட்டில் இருந்தது மற்றவர் தட்டுக்கும் போயிற்று.

தட்டில் பல பண்டங்கள் இருப்பினும், ஆராயத்தக்க முதற்பொருள் அச்சு முறுக்கே. ஏனெனில் இதன் பெயரிலேயே ஒரு புதிர் உள்ளது. முறுக்கு என்றால் முறுக்கப்பட்டது. கைமுறுக்கு அவ்வாறே மாவை விரலால் முறுக்கிச் சுற்றுவதால் வந்த பெயர். அச்சு முறுக்கிலோ முறுக்கல் என்பதே இல்லை. பூ வடிவான பித்தளை அச்சை மாவுக் கரைசலில் தோய்த்து எண்ணெயில் அமிழ்த்துவதோடு வேலை முடிந்தது. முறுக்காததை முறுக்கு என்பது ஏன்?

விடை ‘முறுகு’ என்னும் வினையில் இருக்கிறது. அதற்குத் திருகிக்கொள்ளுதல் என்ற பொருளோடு, வேக்காடு மிகுந்து இறுகுதல் என்ற பொருளும் உண்டு. முறுகல் தோசை என்னும்போது தோசையை யாரும் முறுக்குவதில்லை. அது நன்கு வெந்து மொறுமொறுப்பாகிறது, அவ்வளவே. திரிந்த வடிவத்தால் பெயர் பெற்ற கைமுறுக்கு, கடிக்கும்போது நொறுங்கும் தன்மையையும் அதே பெயருக்குள் கொண்டிருந்தது. பிறகு அத்தன்மை ஒன்றே கொண்டு, வடிவம் வேறான பண்டமும் முறுக்காயிற்று என்று கொள்வது பொருந்தும். கேரளத்தார் இதே பண்டத்தை ‘அச்சப்பம்’ என்பர். அவர்கள் மாவை நோக்கிப் பெயரிட்டனர். தமிழர் பல்லை நோக்கிப் பெயரிட்டனர் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

இனி அச்சுக்கு வருவோம். மலாய்மொழியில் வார்ப்பச்சுக்கு ‘அச்சுவான்’ என்று பெயர். இதன் அடிச்சொல்லைத் தமிழ் ‘அச்சு’ என்பதோடு மலாய்ச் சொல்லாராய்ச்சியாளர் இணைத்துக் காட்டுவர். கறியும் ஆப்பமும் மலாய்மொழியில் ‘காரி’, ‘ஆப்பம்’ என்று வழங்குவதைப் பலரும் அறிவர். அச்சும் அவற்றோடு சென்றது என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. அச்சு முறுக்கை மலாய்க்காரர் ‘குவே ரோஸ்’ என்றும், ‘குவே லோயாங்’ என்றும், ‘குவே கோயாங்’ என்றும் பலவாறு வழங்குவர். ரோஸ் பூவைக் குறிக்கும். லோயாங் என்பது பித்தளை. கோயாங் என்பது ஆட்டுதல். எண்ணெயில் அச்சை ஆட்டி ஆட்டியே பூவைக் கழற்ற வேண்டியிருப்பதால் அப்பெயர். ‘குவே’ என்பதோ சீனரின் ஹொக்கியன் பேச்சிலிருந்து மலாய்மொழி பெற்ற சொல். சீனர் வீடுகளில் இதே பண்டம் அதன் துளைகளைக் கண்டு தேன்கூடு என்று பெயர் பெற்றிருக்கிறது. ஆக, ஒரு கைப்பிடி அளவான இப்பலகாரத்தில் பணியாரம் என்ற பொதுப்பெயர் ஹொக்கியன், உலோகத்தின் பெயர் மலாய், பூவின் பெயர் ஐரோப்பியம், அச்சின் பெயர் தமிழ். நான்கு இனத்தார் ஒரே தெருவில் வாழ்ந்ததற்கு இதைக் காட்டிலும் சுருக்கமான சான்று கிடைப்பது அரிது.

கடலுக்கு அப்பாலும் இதன் உறவினர் உளர். இலங்கையில் ‘கொக்கிஸ்’ என்று இதற்குப் பெயர். சிறு பணியாரத்தைக் குறிக்கும் டச்சுச் சொல்லின் திரிபு அது. அங்கே கிறிஸ்துமஸை விடச் சித்திரைப் புத்தாண்டுக்கே அது உரியதாகி, சிங்களவர் தட்டில் தவிர்க்க முடியாத பண்டமாய் அமர்ந்துவிட்டது. சுவீடனிலும் நார்வேயிலும் இதே வகையான இரும்பச்சால் இதே வகையான பூவைப் பொரித்துக் கிறிஸ்துமஸுக்கு உண்கின்றனர். ஸ்பெயின், மெக்சிகோ, ஈரான் நாடுகளிலும் இத்தகைய பண்டம் உண்டு. வடநாடுகளில் கோதுமை மாவும் பசுவின் பாலும். இங்கே அரிசி மாவும் தேங்காய்ப் பாலும். அச்சின் வேலை எங்கும் ஒன்றே.

அவ்வேலை எளிதென்று எண்ணுபவர் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். கால் கிலோ அரிசி மாவுக்கு இரண்டு முட்டை, நூற்றைம்பது கிராம் அளவுக்குச் சர்க்கரை, ஒரு தேங்காயிலிருந்து பிழிந்த கெட்டிப் பால், ஒரு சிட்டிகை உப்பு, விரும்பினால் எள் என்று எழுதிக் கொடுத்துவிடலாம். எழுத முடியாதது பதம். கரைசல் கரண்டியின் முதுகில் மெல்லிய ஆடை போலப் படிய வேண்டும். நீர்த்திருந்தால் பூவின் சுவர் எண்ணெயிலேயே கிழியும். தடித்திருந்தால் உள்ளே வேகாமல் மென்மையாய் நின்றுவிடும். அச்சை முதலில் எண்ணெயிலேயே வைத்துச் சூடேற்ற வேண்டும். சூடான உலோகம் பட்டவுடன் முட்டையும் மாவும் உறைந்து அச்சின் மேல் ஒரு தோல் போலப் பிடித்துக்கொள்கின்றன. அச்சில் சூடு போதாவிட்டால் மாவு பிடிக்காது. பிடித்தாலும் எண்ணெயில் கரைந்து வழியும். சூடு மிகுந்தால் சீறிக்கொண்டு நழுவும். எண்ணெயில் அமிழ்ந்த பிறகு கரைசலிலுள்ள நீர் ஆவியாகி, மாவுத் தோலை உலோகத்திலிருந்து தள்ளுகிறது. அந்த நொடி பார்த்து அச்சை ஆட்டினால் பூ கழன்று மிதக்கும்.

இதில் எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று உண்டு. அச்சைக் கரைசலில் முழுக்க அமிழ்த்தக் கூடாது. விளிம்புக்குச் சற்றுக் கீழேயே நிறுத்த வேண்டும். மேல்விளிம்பை மாவு மூடிவிட்டால் பூ அச்சைக் கவ்விக்கொண்டு வெளிவராது. பின்னர் அதைக் கத்தியால் சுரண்டி எடுக்க வேண்டியதுதான். புதிய அச்சும் எளிதில் பணியாது. கஞ்சித் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு எண்ணெய் தடவிச் சில நாள் பழக்க வேண்டும். இக்காலத்தில் அலுமினிய அச்சுகளும் விற்கின்றன. ஒரே அளவான பித்தளையோ அலுமினியத்தை விட மிகுதியான சூட்டைத் தன்னிடம் வைத்திருக்கும்; கரைசலில் தோய்க்கும்போது விரைவில் ஆறிவிடாது. தாய் தன் பழைய பித்தளை அச்சை மகளுக்குக் கொடுப்பதில் பாசம் மட்டுமே இருப்பதாக நினைக்க வேண்டா. அதில் வெப்பநூலும் இருக்கிறது.

அச்சு என்றதும் தமிழாசிரியர்க்கு நூல் அச்சும் நினைவுக்கு வரும். தமிழெழுத்து அச்சேறிய முதல் நூல்களுள் ஒன்றான ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. அதுவும் கிறிஸ்தவத் தொண்டின் வழியே நிகழ்ந்தது. விற்பனைக்கென்று அச்சிட்ட முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்தட்டையை லண்டனில் 1843ஆம் ஆண்டு ஹென்றி கோல் என்பவர் வெளியிட்டார். காகித அச்சு ஆயிரம் படிகளை ஒரே தன்மையாகத் தருகிறது. அதன் பெருமையே அதுதான். முறுக்கச்சோ ஒவ்வொரு பூவுக்கும் ஒரு முறை கையை எதிர்பார்க்கிறது. இருநூறு பூ வேண்டுமானால் இருநூறு முறை தோய்க்க வேண்டும். ஒருவர் தோய்க்க, ஒருவர் திருப்பி எடுக்க, மற்றொருவர் சூடாறுமுன் சிறு கிண்ணத்துள் கவிழ்த்து இதழை வளைக்க என்று வீடே கூடினாலன்றி இவ்வேலை ஒரு மாலையில் முடிவதில்லை.

அச்சே வேண்டாத பண்டமும் உண்டு. தமிழகத்துக் கிறிஸ்தவ வீடுகளில் அச்சு முறுக்கோடு ஒன்றாய்ச் செய்யப்படுவது கலகலா. மைதா மாவு, முட்டை, தேங்காய்ப்பால் சேர்த்துப் பிசைந்து, சிறு உருண்டையாக்கி, முள்கரண்டியின் முதுகிலோ புதுச் சீப்பின் பல்லிலோ அழுத்திச் சுருட்டிப் பொரிப்பர். கோவாவிலும் இதுவே கிறிஸ்துமஸ் பண்டம். அங்குள்ள கொங்கணி மொழியில் இதற்குப் புழுக்கள் என்று பொருள்படும் ‘கிட்யோ’ என்ற பெயரும் உண்டு. உண்ணும் பொருளுக்கு இப்படியும் பெயரிடுவதா என்று முகம் சுளிப்போர் அதன் சுருளைப் பார்த்தால் ஒப்புக்கொள்வர். பினாங்கு, மலாக்கா செரானியரின் தட்டில் தலைமை பெறுவது ‘சூஜி கேக்’. சூஜி என்பது வடஇந்தியர் ரவைக்கு இட்ட பெயர். ரவையை வெண்ணெயில் ஊறவைத்து, பாதாமும் முட்டை மஞ்சளும் மிகச் சேர்த்து, சிறிது பிராந்தியும் ஊற்றிச் சுடுவர். போர்த்துக்கீசிய மரபினர் தம் திருநாளின் முதற்பண்டத்துக்கு இந்தியப் பெயரை வைத்திருப்பதும் கருதத்தக்கது.

இப்பண்டங்களுக்குள் ஒற்றுமை ஒன்று உண்டு. பெரும்பாலானவை ஈரம் குறைந்தவை; மற்றவை நெய்ப்பும் இனிப்பும் மிகுந்தவை. கையுறை வழியில் கெடக் கூடாது. திருநாளுக்கு இரண்டு வாரம் முன்னரே செய்து வைத்தாலும் பிறகு வரும் விருந்தினர்க்கும் மிஞ்ச வேண்டும். பினாங்கின் கடற்காற்றிலோ ஈரம் மிகுதி. பொரித்த பூவைத் திறந்து வைத்தால் ஓரிரவில் துவண்டுவிடும். அதனால் முன்னாளில் பிஸ்கட் வந்த தகரப் பெட்டிகளைத் துடைத்து எடுத்து வைத்தனர். இந்நாளில் சிவப்பு மூடியிட்ட கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஜாடிகளின் வாயை நாடாவால் ஒட்டி வைக்கின்றனர். பூ முழுவதும் ஆறிய பிறகே மூட வேண்டும் என்பதைச் சிறுவரும் அறிவர். சூட்டோடு மூடினால் அதன் ஆவியே அதைக் கெடுத்துவிடும்.

உண்ணும் கையுறையோடு காணும் கையுறையும் உண்டு. வாசலில் தொங்கும் விண்மீன் விளக்கு அவற்றுள் ஒன்று. பத்து மூங்கிற் சிம்புகளை ஒரே அளவில் சீவி, ஐந்து ஐந்தாகக் கட்டினால் இரண்டு ஐம்முனை விண்மீன்கள் கிடைக்கும். இரண்டையும் ஒன்றன் மேலொன்றாக வைத்து முனைகளை மட்டும் நூலால் பிணைக்க வேண்டும். பிறகு உட்புறத்தில் சிம்புகள் ஒன்றையொன்று வெட்டும் ஐந்து இடங்களிலும் சிறு குச்சிகளைக் குறுக்கே நிறுத்தினால் தட்டையாய்க் கிடந்தது வயிறு புடைத்து எழும். அதன் மேல் மெல்லிய வண்ணத்தாளை ஒட்டி உள்ளே விளக்கை வைப்பர். ஆணி இல்லை, பசையும் தாளுக்கு மட்டுமே. பட்டம் கட்டத் தெரிந்த கைக்கு இது புதிதன்று. மலாய்க்காரரின் வாவ் பட்டத்துக்கும் சீனரின் தாள்விளக்குக்கும் வேண்டிய பொருளும் மூங்கிற் சிம்பும் தாளுந்தான். அண்டை வீட்டுச் சிறுவர் ஒருவர்க்கொருவர் கட்டிக் கொடுத்துக்கொள்ளவும் இது ஏற்ற வேலை.

குடில் அமைப்பதும் அத்தகையதே. இத்தாலியில் கிரேச்சியோ என்னும் ஊரில் 1223ஆம் ஆண்டு அசிசி நகரத்துப் பிரான்சிஸ் மாட்டுக் கொட்டிலைக் காட்சியாக அமைத்ததிலிருந்து இவ்வழக்கம் பரவியது. தமிழகத்தார் அதில் தம் உழவுத் தொழிலையும் சேர்த்துக்கொண்டனர். திருநாளுக்குப் பத்து நாள் முன்பு கேழ்வரகையோ நெல்லையோ தட்டில் மண்ணிட்டு விதைப்பர். கிறிஸ்துமஸ் இரவில் குடிலைச் சுற்றி உண்மையான பச்சைப் பயிர் நிற்கும். கடையில் வாங்கிய பச்சைத் தாளுக்கு அந்த மணம் வராது.

தட்டு போன வீட்டிலிருந்து வெறுமையாகத் திரும்புவதில்லை. வேறொன்றும் இல்லையெனினும் ஒரு பிடிச் சர்க்கரையாவது அதில் இருக்கும். உரிய மறுமொழியோ அவரவர் திருநாளில் வரும். தீபாவளிக்கு இந்துத் தமிழர் வீட்டிலும், சீனப் புத்தாண்டுக்குச் சீனர் வீட்டிலும், நோன்புப் பெருநாளுக்கு மலாய்க்காரர் வீட்டிலும் அதே பூ பொரிக்கப்படுகிறது. அண்டை வீட்டார் ஒருவர் அச்சை மற்றவர் இரவல் வாங்குவதிலும் தடையில்லை. பித்தளைக்குச் சமயம் ஏது?

இவ்வழக்கம் இன்று முன்போல் இல்லை என்பதை மறைப்பதற்கில்லை. புலாவ் திக்கூஸில் கோயிலைச் சூழ்ந்திருந்த செரானியர் குடியிருப்பு 1990களில் இடிக்கப்பட்டு, அக்குடும்பங்கள் பல இடங்களுக்குச் சிதறின. 2008இல் ஜார்ஜ் டவுன் உலக மரபுரிமை நகரமாக அறிவிக்கப்பட்டது, கட்டடங்கள் காக்கப்பட்டன. ஆனால் சன்னல் வழியே தட்டு நீட்டும் அண்டை வீட்டாரைச் சட்டத்தால் காக்க இயலாது. அடுக்குமாடி வீட்டின் சிறு சமையலறையில் எண்ணெய்ப் புகை பரவும் என்று பலர் அச்சைப் பரணில் ஏற்றிவிட்டனர். ஜாடியாக விலைக்கு வாங்குவதே எளிது. அதை இழிவென்று சொல்வதற்கும் இல்லை. அந்த ஜாடிகளை நிரப்புவோரும் பெரும்பாலும் வீட்டிலிருந்தே ஊதியம் தேடும் பெண்கள்தாம். அவர்கள் கையிலாவது பதம் நிலைத்திருக்கிறது.

தமிழாசிரியர் கவலைப்பட வேண்டிய இடம் இதுவே. பதம் என்பது அகராதியில் ‘பக்குவம்’ என்ற ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது. அடுப்பங்கரையிலோ அது ஆடைப் பதம், கம்பிப் பதம், முறுகல் பதம் என்று கிளைத்துக் கண்ணாலும் காதாலும் அறியப்படுவது. எண்ணெயின் சீறல் அடங்குவதைக் கேட்டே பூ வெந்ததை உணரும் மூதாட்டிக்கு அவ்வறிவு வந்த மொழி தமிழ். பேரப்பிள்ளை ஜாடியைத் திறந்து ‘குவே ரோஸ்’ என்று கேட்பதில் பிழையில்லை. அதுவும் இவ்வூர்ச் சொல்லே. ஆனால் தோய்த்தல், ஆட்டுதல், கவிழ்த்தல், முறுகுதல் என்னும் வினைகளைச் செய்து பாராத பிள்ளைக்கு அவை தேர்வுத்தாளில் மட்டுமே வரும் சொற்களாகின்றன. டிசம்பர் விடுமுறையில் ஒரு மாலைப் பொழுது அச்சொற்களைக் கற்பிக்கும் அளவுக்கு எந்தப் பாடநூலும் கற்பிப்பதில்லை. சில குடும்பங்களில் இன்னும் அவ்வொரு மாலைக்காகவே கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பிள்ளைகள் முன்கூட்டியே ஊர் வந்து சேர்கின்றனர்.

அம்மாலையில் முதலில் எடுக்கும் மூன்று நான்கு பூக்கள் எப்போதும் சரியாக வருவதில்லை. அச்சு இன்னும் சூட்டுக்குப் பழகியிராது. இதழ் கிழியும், அல்லது பாதிப் பூ அச்சிலேயே தங்கும். உடைந்த அவற்றை யாரும் தட்டில் வைப்பதில்லை. அவை அடுப்பருகே காத்திருக்கும் பிள்ளைகளுக்கு உரியவை.